மருந்து சும்மா, பஸ்ஸுக்கு?

கேள்வி – பதில்

இந்த முறை வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயம்: புற்றுநோய் வந்த பிள்ளைகளும், அவர்களோடு லயத்துக்கும் மஹரகம புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கும் இடையில் அலைகிற குடும்பங்களும். ஆகவே கூட்டணிப் பிளவு, அமைச்சர் வாகனம், அடுத்த தேர்தல் பற்றிய கேள்விகளை அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டேன். அவை கெட்டுப்போகாத சரக்கு.

'சினிமாப் பைத்தியம்', நோர்வூட்
*சின்னப் பிள்ளைக்கு கேன்சர் என்றால் கதை முடிந்தது என்றுதானே அர்த்தம்?*

1965இல் 'நீர்க்குமிழி', 1982இல் 'வாழ்வே மாயம்'. தமிழ் சினிமா இந்த வியாதியைக் கூட்டிவருவதே ஆளைக் கொல்வதற்குத்தான். டொக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்தால் அடுத்தது சோகப்பாட்டு. வார்டில் டொக்டர்மார் கண்ணாடியைத் துடைப்பது அது அழுக்கானால் மட்டும்.

பிள்ளைகளுக்கு அதிகம் வருவது இரத்தப் புற்றுநோய். அதிலும் பெரும்பாலும் கிளினிக் புத்தகத்தில் 'ஏஎல்எல்' என்று எழுதும் வகை. எண்பது வருடத்துக்கு முன்னால் இது வந்த பிள்ளைக்குச் சில மாதங்கள்தான். இன்று வசதியான நாடுகளில் பத்துப் பிள்ளைகளில் ஒன்பது பேர் பிழைத்து வளர்கிறார்கள். எல்லா வகையையும் சேர்த்துப் பார்த்தாலும் அங்கே நூற்றுக்கு 80க்கு மேல். ஏழை நாடுகள் பலவற்றில் 30ஐத் தொடுவதே பெரும்பாடு. 2030க்குள் உலகம் முழுக்கக் குறைந்தது 60 வீதப் பிள்ளைகளாவது பிழைக்க வேண்டும் என்று உலக சுகாதார அமைப்பு 2018இல் இலக்கு வைத்தது. முக்கியமான மருந்துகள் எல்லா நாட்டிலும் அனேகமாக ஒன்றேதான். மீதி வித்தியாசம் எங்கே இருக்கிறது என்பதற்கு அடுத்த கடிதத்தைப் படியுங்கள்.

'பேர் விழாதவள்', பொகவந்தலாவை
*மஹரகமவுல மருந்து சும்மாதானே? அப்புறம் ஏன் எங்க பக்கத்துல சில பேர் பாதியிலேயே நிப்பாட்டிடுறாங்க? பெத்தவங்களுக்குப் பொறுப்பு இல்லையா?*

மருந்து சும்மா, கட்டில் சும்மா, டொக்டர் சும்மா. பஸ் சும்மா இல்லை, அக்கா.

பொகவந்தலாவையிலிருந்து ஹட்டனுக்கு வரவே ஒரு மணித்தியாலத்துக்கு மேல். பிறகு கினிகத்தேனை வளைவுகள், கித்துல்கல, அவிசாவளை. அங்கே இறங்கி 122 பஸ் பிடித்து ஹைலெவல் ரோட்டில் மஹரகம. காலை கிளினிக்குக்கு நம்பர் எடுக்க வேண்டுமானால் நடுச்சாமத்தில் லயத்தை விட்டுக் கிளம்ப வேண்டும். மடியில் மாஸ்க் போட்ட பிள்ளை, தோளில் பை. பைக்குள் சுடுதண்ணிப் போத்தல், ஒரு பக்கெட் கிரீம் கிரேக்கர், மாற்றுத்துணி, வாந்திக்கு நாலு சொப்பிங் பேக். வளைவில் பிள்ளை சத்தி எடுத்தால் பக்கத்து சீட்காரர் எழுந்து தள்ளிப் போய் நிற்பார்.

அடுத்து தோட்டச் சம்பளம். 2024 செப்டெம்பர் வர்த்தமானிப்படி நாளுக்கு 1350 ரூபா. 2026 வரவுசெலவுத் திட்டத்தில் 1750 என்றார்கள். அதில் 200 ரூபா வேலைக்கு வந்த நாளுக்கான ஊக்கப்படி. வார்டில் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நிற்கிற தாய்க்குப் பெரட்டில் பேர் விழுமா? பேரும் இல்லை, ஊக்கமும் இல்லை. துணைக்குத் தகப்பனும் போனால் வீட்டில் இரண்டு பேர் விழாது. 1350 கணக்கிலேயே பத்து நாள் வார்டில் நின்றால் ஆளுக்கு 13,500 ரூபா போயிற்று. இலவச மருத்துவத்துக்குத் தோட்டத்து ஆள் கட்டுகிற விலை இது.

இன்னொன்றும் இருக்கிறது. பொறுப்பில்லாத பெற்றோர்தான் நிறுத்துகிறார்கள் என்று நினைக்கிறோம். அப்படியல்ல. இரத்தப் புற்றுநோய்க்கு முதல் மாத மருந்து முடியும்போதே பெரும்பாலான பிள்ளைகளின் இரத்தத்தில் நோய் கண்ணுக்குத் தட்டுப்படாது. பிள்ளை எழுந்து ஓடுகிறான், சோறு கேட்கிறான். ஆனால் சிகிச்சை இரண்டு வருடத்துக்கு மேல் போகும். நன்றாக இருக்கிற பிள்ளையை எதற்குக் கடன் வாங்கி அவ்வளவு தூரம் தூக்கிக்கொண்டு போவது என்று வீட்டில் பேச்சு வருமே, அந்த இடத்தில்தான் பல பிள்ளைகளைக் கைவிடுகிறோம். ஒளிந்திருந்த நோய் திரும்பி வந்தால் முதல் தடவை கேட்ட மருந்துக்கு அது லேசில் கேட்காது. தொடர்ந்து நாலு வாரம் சிகிச்சை தவறினாலே 'கைவிட்டதாக' உலகத்துப் பிள்ளைப் புற்றுநோய் மருத்துவர்கள் கணக்கு வைக்கிறார்கள். 2022இல் டீசல் வரிசையும் மருந்துத் தட்டுப்பாடும் வந்தபோதும், 2025 நவம்பரில் டித்வா புயலில் மலை சரிந்து ரோடும் ரயிலும் நின்றபோதும் நாலு வாரம் எவ்வளவு சீக்கிரம் ஓடிவிடும் என்று பார்த்தோம்.

ஆகவே அந்தப் பெற்றோரைப் பார்த்தால் 'ஏன் போகவில்லை' என்று கேட்காதீர்கள். 'அடுத்த கிளினிக் எப்போது, காசு இருக்கிறதா' என்று கேளுங்கள்.

'ரோதைமுனி பக்தன்', கொட்டகலை
*பூசாரி மந்திரித்துக் கயிறு கட்டச் சொல்கிறார். கட்டலாமா?*

தாராளமாக. ஊசி ஏற்றுகிற கையில் மட்டும் வேண்டாம். தீர்த்தம் என்றால் கொதித்து ஆறியதாக இருக்கட்டும். மருந்து ஏறுகிற பிள்ளைக்குப் பீலித்தண்ணி ஆகாது. கிளினிக் தேதியைத் தள்ளிப்போடு என்று ரோதைமுனி எந்தக் காலத்திலும் சொன்னதில்லை. சொல்வது பூசாரி.

'இலை வைத்தியன்', மஸ்கெலியா
*முள்ளு அன்னமுன்னா இலையை அவித்துக் குடித்தால் கேன்சர் கரையும் என்று வட்ஸ்அப்பில் வந்ததே? ஆங்கில மருந்து எல்லாம் நஞ்சுதானே?*

நஞ்சுதான், ஒத்துக்கொள்கிறேன். அந்த நஞ்சில் ஒன்று உங்கள் வாசலிலேயே பூக்கிறது. நித்தியகல்யாணி, யாழ்ப்பாணத்தார் பட்டிப்பூ என்பார்களே, அதுதான். அதன் இலையிலிருந்து பிரித்த வின்கிரிஸ்டின் 1960களிலிருந்து இரத்தப் புற்றுநோய்க்கு முதல்வரிசை மருந்து. மஹரகம வார்டில் வாரத்துக்கு ஒரு தடவை பிள்ளைகளின் இரத்தக் குழாயில் ஏறுவது அது.

ஆனால் ஒரு கிராம் வின்கிரிஸ்டினுக்கு நூற்றுக்கணக்கான கிலோ காய்ந்த இலை வேண்டும். நாளுக்குப் பதினெட்டு, இருபது கிலோ கொழுந்து எடுக்கிற கைக்கு அந்த எடை விளங்கும். ஏற்றுகிற அளவோ ஒரு மில்லிகிராம், ஒன்றரை மில்லிகிராம், பிள்ளையின் உயரமும் நிறையும் பார்த்து. கொஞ்சம் கூடினால் நரம்பு செத்துவிடும். இதை நீங்கள் சட்டியில் போட்டு அவிக்கப் போகிறீர்களா? இலையைக் குறை சொல்லவில்லை, அளவில்லாத இலையைச் சொல்கிறேன். அன்னமுன்னா இலையால் ஒரு பிள்ளைக்காவது புற்றுநோய் குணமானதாக மருத்துவ ஆதாரம் கிடையாது. வேறு மருந்தோடு சேர்ந்து அது ஈரலைக் கெடுத்தால் கிளினிக்கில் மருந்தை நிறுத்துவார்கள். வட்ஸ்அப்பில் அனுப்பியவர் அப்போது 'ஒப்லைன்'.

'குட்டிப் போத்தல்', லிந்துலை
*இந்த மருந்துகளில் நம்மவர்கள் யாராவது கண்டுபிடித்தது உண்டா, இல்லை எல்லாம் வெள்ளைக்காரன்தானா?*

கேட்டீர்களே ஒரு கேள்வி! விடை உங்கள் அலுமாரியில், கறுப்புக் குட்டிப் போத்தலில் இருக்கிறது. மார்மைட்.

லூசி வில்ஸ் என்ற ஆங்கில டொக்டரம்மா 1928இல் பம்பாய்க்கு வந்தார். ஆலைத் தொழிலாளப் பெண்கள் பிள்ளைத்தாச்சியாக இருக்கும்போது இரத்தம் வற்றிச் செத்துப்போனார்கள். விலையுயர்ந்த ஈரல் சத்துக்குப் பதில் மார்மைட் கொடுத்துப் பார்த்தார், இரத்தம் ஊறியது. மார்மைட்டுக்குள் இருந்த அந்தச் சத்துதான் ஃபோலேட். பிறகு பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் கவனித்தது, ஃபோலேட் சத்துக் கொடுத்தால் இரத்தப் புற்றுநோயும் சேர்ந்து கொழுக்கிறது. அப்படியானால் அதற்கு எதிர்ச்சரக்கு கொடுத்தால்? அந்த எதிர்ச்சரக்கைச் செய்து கொடுத்த ஆய்வுகூடத்தின் தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ். ஆந்திரத்துப் பீமவரத்தில் பிறந்து சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். காந்தி பேச்சைக் கேட்டு கதர் அணிந்து சத்திரசிகிச்சைக்குப் போனதால் ஆங்கிலேயப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். பட்டத்தோடு வெளியே வந்தவர். ஃபார்பர் 1948இல் வெளியிட்ட அறிக்கையில் 16 பிள்ளைகள். பத்துப் பேருக்கு நோய் பின்வாங்கியது, கொஞ்ச காலத்துக்குத்தான். ஆனால் அதுவரை உலகம் அதைக்கூடப் பார்த்ததில்லை. அந்த மருந்தின் தம்பிதான் இன்றைக்குப் பிள்ளைகள் விழுங்குகிற மெதோட்ரெக்ஸேட். சுப்பாராவ் அதே 1948இல் காலமானார். பட்டம் மறுத்த பேராசிரியரின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

(இதற்காக மார்மைட்டை வீசிவிட வேண்டாம். நல்ல பிள்ளைகள் பாணில் பூசிச் சாப்பிடலாம். சிகிச்சையில் இருக்கிற பிள்ளைக்கு எந்த விட்டமினும் டொக்டரைக் கேட்டுத்தான்.)

பெயர் வேண்டாம், அக்கரப்பத்தனை
*வயித்துல புள்ளையோட இருக்கும்போது மருந்தடிச்ச மலையில கொழுந்து எடுத்தேன். அதுனாலதான் என் மகளுக்கு வந்துச்சுன்னு மாமியார் சொல்றாங்க. நான்தான் காரணமா?*

இல்லை அம்மா. பிள்ளைகளின் புற்றுநோய்க்குப் பெரும்பாலும் ஒரு காரணத்தைச் சுட்டிக்காட்ட முடிவதில்லை. பத்தில் ஒன்று போலத்தான் பரம்பரையில் வருவது. பிள்ளைத்தாச்சிகள் பூச்சிமருந்து, களைமருந்து பக்கம் புழங்குவதற்கும் பிள்ளைகளின் இரத்தப் புற்றுநோய்க்கும் தொடர்பு இருக்கலாம் என்று காட்டுகிற ஆய்வுகள் உண்டு. ஆனால் உங்கள் மகளுக்கு அதனால்தான் வந்தது என்று எந்த டொக்டராலும் சொல்ல முடியாது. உங்கள் மாமியாராலும் முடியாது. அப்படியே ஒரு சந்தேகம் இருந்தாலும், அந்த மலைக்கு உங்களை அனுப்பியது யார்? நீங்களாகவா போனீர்கள்? பிள்ளைத்தாச்சியை மருந்தடித்த மலைக்கு அனுப்பக் கூடாது என்று கேட்க வேண்டியது நிர்வாகத்திடம், சந்தா பிடிக்கிற சங்கத்திடம். மருமகளிடம் அல்ல.

'மூணாந்தரம்', தலவாக்கலை
*தோட்டத்து மருந்துக் காம்பராவில் மூன்று தடவையும் பனடோலும் சிரப்பும்தான் தந்தார்கள். எப்போது சந்தேகப்பட வேண்டும்?*

பனடோல் கொடுப்பது குற்றமில்லை; பிள்ளைகளின் காய்ச்சலில் பெரும்பாலானவை சாதாரணக் காய்ச்சல்தான். ஆனால் காய்ச்சல் விட்டு விட்டு வாரக்கணக்கில் வந்தால், பிள்ளை வெளிறிக்கொண்டே போனால், அடிபடாமல் நீலத்தழும்பு விழுந்தால், கால் எலும்பு நோகிறது என்று ராவில் அழுதால், கழுத்திலோ வயிற்றிலோ கட்டி தட்டுப்பட்டால், காலையில் தலைவலியோடு சத்தி எடுத்தால், போட்டோவில் கண்ணின் பாப்பா பூனைக் கண் மாதிரி வெள்ளையாக மின்னினால், நாலாந்தரம் அங்கே போக வேண்டாம். டிக்கோயா கிளங்கன் ஆஸ்பத்திரியோ நுவரெலியாவோ, எது கிட்டவோ அங்கே போய் 'இரத்தம் பார்த்து, பிள்ளையை முழுதாகச் சோதித்துச் சொல்லுங்கள்' என்று கேளுங்கள். கிளங்கனுக்கு 2017இல் இந்தியப் பிரதமரே வந்து கட்டடம் திறந்துவிட்டுப் போனார். நாம் போய்ப் பாவித்தால்தான் அதற்கும் மரியாதை.

'தலையாட்டி', இராகலை
*எனக்குச் சிங்களம் வராது. டொக்டர் சொன்னதுக்கெல்லாம் தலையை ஆட்டிவிட்டு வந்தேன்.*

மாடு தலையாட்டினால் பொங்கலுக்கு நல்லது. நீங்கள் ஆட்டினால் டொக்டர் விளங்கிவிட்டது என்று நினைப்பார். 1987இலிருந்து தமிழும் இந்த நாட்டின் ஆட்சிமொழி. ஆகவே தமிழில் விளக்கம் கேட்பது பிச்சை அல்ல. கையெழுத்துப் போடும் முன் 'தமிழ் தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள்' என்று சொல்லுங்கள். யாரும் இல்லையென்றால் பக்கத்துக் கட்டிலில் கிழக்கிலிருந்தோ வடக்கிலிருந்தோ வந்த தாய் ஒருத்தி இருப்பாள். ஆறு மாதம் வார்டில் கிடந்தவளுக்கு இரண்டு பாஷையும் பாதி வைத்தியமும் தெரியும். மாத்திரை எத்தனை, எந்த நேரம், எத்தனை நாள் என்பதை உங்கள் கையாலேயே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள்.

'இந்தியா விசா', நுவரெலியா
*காணியை விற்றாவது சென்னைக்குக் கொண்டுபோகச் சொல்கிறார்கள்.*

யார் சொல்வது? கமிஷன் வாங்குகிறவரா? அடையாறு புற்றுநோய் நிலையம் பெரிய இடம்தான். 1954இல் முத்துலட்சுமி ரெட்டி தொடங்கியது, டொக்டர் சாந்தா வாழ்நாளைக் கொடுத்து வளர்த்தது. 1980களில் அங்கேயும் பம்பாய், டில்லியிலும் ஒரே அட்டவணைப்படி மருந்து கொடுத்துத்தான் இந்தியப் பிள்ளைகள் பிழைக்கும் வீதத்தை மேலே தூக்கினார்கள். அட்டவணையை முழுதாக முடித்ததுதான் அங்கே நடந்த அதிசயம். அதை மஹரகமவிலும் முடிக்கலாம். உங்கள் டொக்டரே 'இந்தச் சிகிச்சை இங்கே இல்லை, போங்கள்' என்று எழுதித் தந்தால் காணியைப் பற்றி யோசியுங்கள்.

'பாத்திரம் அறிந்து', ஹட்டன்
*நாங்கள் கடைக்காரர்கள் சிலர் சேர்ந்து உதவ நினைக்கிறோம். வார்டுக்கு பொம்மையும் கேக்கும் கொண்டுபோகலாமா?*

கொண்டுபோகலாம். மொட்டைத் தலைப் பிள்ளையோடு போட்டோ எடுத்து முகப்புத்தகத்தில் போடாமல் திரும்பி வர முடியுமானால்.

நம் நாட்டில் பெரிய விஷயத்துக்குக் காசு சேரும். 2011இல் தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை 670 கிலோமீற்றர் நடந்து தெல்லிப்பழையில் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்கு நிதி திரட்டினார்கள். 2016இல் அதே தூரத்தைத் திருப்பி நடந்து காலி கராப்பிட்டியவுக்குச் சேர்த்தார்கள். அதே 2016இல் மஹரகமவுக்கு பெட் ஸ்கேனர் வாங்க 20 கோடி ரூபா கேட்டு ஒரு தகப்பன் கிளம்பினார்; அவருடைய மகனுக்கும் புற்றுநோய். நாடே உண்டியலில் போட்டது. எல்லாம் தேவையான வேலை, கும்பிடத்தக்க மனிதர்கள். ஆனால் கட்டடத்துக்குப் பெயர்ப்பலகை வைக்கலாம், பஸ் டிக்கெட்டுக்கு வைக்க முடியாது. அதனாலோ என்னவோ அந்த உண்டியல் மட்டும் காலி.

தாயும் பிள்ளையும் மஹரகமவில் தங்க நல்ல உள்ளங்கள் நடத்தும் இடங்கள் இருக்கின்றன. இந்திரா புற்றுநோய் அறக்கட்டளையின் 'சுவ அரண' பிள்ளைகளுக்கும் குடும்பத்துக்கும் என்றே உள்ளது; 'சிசிசி ஹவுஸ்' தூரத்திலிருந்து வரும் நோயாளிகளுக்கு. இப்படி ஒன்று உண்டு என்பதே தெரியாமல் ஆஸ்பத்திரித் தாழ்வாரத்தில் பாய் விரிக்கிற தாய்மார் உண்டு. இந்தப் பெயர்களைத் தமிழில் அடித்து உங்கள் கடைகளில் ஒட்டுங்கள். செலவு நூறு ரூபா. பிறகு இரத்தம். 2014இலிருந்து இந்த நாட்டில் இரத்த வங்கி முழுக்க முழுக்கத் தானமாகக் கொடுப்பவர்களை நம்பியே ஓடுகிறது. ஒரு பிள்ளையின் சிகிச்சைக்கு எத்தனை பைகள் ஏறும் என்று அந்தத் தாயைக் கேட்டுப் பாருங்கள்.

'சின்னவன்', வட்டவளை
*அக்காவுக்கு வருத்தம் வந்ததிலிருந்து அம்மா மஹரகமவில், நான் அப்பாயி வீட்டில். என் பிறந்தநாளையே மறந்துவிட்டார்கள். கோபப்படலாமா?*

படலாம் தம்பி. நல்லாவே படலாம். அக்கா மேல் பாசமும் இருக்கும், கோபமும் இருக்கும். ரெண்டும் ஒரே பிள்ளைக்குள் இருக்கலாம். போனில் அம்மாவிடம் 'எனக்கும் உன்னைத் தேடுது' என்று சொல்லு. அக்காவின் வியாதி உன்னால் வந்ததில்லை, உனக்குத் தொற்றவும் தொற்றாது. இதையாவது யாராவது சொன்னார்களா?

பெரியவர்களுக்கு: அந்த வீட்டில் தகப்பனும் அழாமல் குடித்துக்கொண்டிருக்கலாம். மனம் விட்டுப் பேச 1333, அரசாங்கத்தின் மனநல இலக்கம் 1926.

'ஐந்தாம் தர டீச்சர்', புசல்லாவை
*சிகிச்சை முடிந்த பிள்ளையை வகுப்பில் சேர்க்க மற்றப் பெற்றோர் பயப்படுகிறார்கள்.*

தொற்றுவது அவனிடமிருந்து இவர்களுக்கு அல்ல, இவர்களிடமிருந்து அவனுக்கு. அம்மாள் வருத்தமோ சின்னமுத்தோ வகுப்பில் ஒரு பிள்ளைக்கு வந்தால் அன்றைக்கே அவன் வீட்டுக்குச் சொல்லியனுப்புங்கள். தலைமுடி முளைக்கும் வரை தொப்பி போட விடுங்கள். புலமைப்பரிசிலில் அவனுக்குப் பத்துப் புள்ளி குறைந்தால் சோம்பேறி என்று எழுதிவிடாதீர்கள். சில மருந்துகளும் தலைக்குக் கொடுக்கும் கதிர்வீச்சும் ஞாபகத்தையும் வேகத்தையும் தொடும்.

'கல்யாணத் தரகர்', பூண்டுலோயா
*பெண்ணுக்குச் சின்ன வயதில் இந்த வியாதி இருந்ததை மாப்பிள்ளை வீட்டில் மறைக்கலாமா?*

மாப்பிள்ளை எவ்வளவு குடிக்கிறான் என்பதை நீங்கள் மறைக்கவில்லையா? சரி, பகிடியை விடுவோம். சொல்ல வேண்டிய ஆள் அந்தப் பெண்தான், சொல்ல வேண்டியது அவனிடம். தரகரிடம் அல்ல.

அந்தப் பெண்ணுக்கு ஒரு வார்த்தை: என்ன மருந்து, எவ்வளவு, எந்த வருடம் என்று எழுதிய கிளினிக் புத்தகத்தைப் பொலிதீனில் சுற்றிப் பெட்டிக்குள் வைத்துக்கொள், தங்கச்சி. லயத்துக் கூரை ஒழுகும். சில மருந்துகள் இருபது வருடம் கழித்தும் இதயத்தைத் தொந்தரவு செய்யும். பிள்ளை உண்டாகும்போது பார்க்கிற டொக்டரிடம் முதலில் காட்ட வேண்டியது அந்தப் புத்தகம்.

'படிவம் 22', வலப்பனை
*அரசாங்கத்திடம் எங்கே கேட்பது?*

முதலில் கிராம சேவகரிடம் கடிதம், பிறகு பிரதேச செயலகம். ஜனாதிபதி நிதியத்துக்கு 2025 பெப்ரவரியிலிருந்து அங்கேயே விண்ணப்பிக்கலாம். கொழும்புக்கு ஓட வேண்டாம். அதே செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் புற்றுநோயாளருக்கான நோயுதவிக் கொடுப்பனவைக் கேளுங்கள். ஈபிஎஃப் பத்து வருடம் கட்டி, கணக்கில் மூன்று லட்சத்துக்கு மேல் இருந்தால் மருத்துவத்துக்கு 30 வீதம் எடுக்க வழி உண்டு. தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். நீங்கள் கேட்காமல் எந்தக் கதவும் திறக்காது, கேட்டாலும் ஒரே தடவையில் திறக்காது.

'திருவிழாக் கமிட்டி', டயகம
*இந்த வருடம் மாரியம்மன் திருவிழா வசூலில் கொஞ்சம் மிச்சம். இன்னொரு ஒலிபெருக்கி வாங்கலாமா, அல்லது நீங்கள் எழுதுகிற மாதிரி ஏதாவது?*

இருக்கிற ஒலிபெருக்கியே மூன்று மலை தாண்டிக் கேட்கிறது. மிச்சத்தைத் தோட்டத்தின் பெயரில் வங்கியில் போட்டு, இரண்டு பேர் கையெழுத்தில் வையுங்கள். அதில் ஒருவர் பெண்ணாக இருக்கட்டும். கிளினிக் தேதிக்கு முதல் நாள் பின்னேரம் பஸ் காசும் சாப்பாட்டுக் காசும் அந்த வீட்டுக்குப் போய்ச் சேர வேண்டும். கூட்டம் கூட்டி நன்றியுரை வாங்கிக் கொடுக்காதீர்கள்.

கூடவே, வேன் வைத்திருக்கிற ஒருவரின் போன் இலக்கத்தை அந்தத் தாயிடம் கொடுத்து வையுங்கள். மருந்து ஏறிய பிள்ளைக்கு 38 பாகை செல்சியஸ் காய்ச்சல் என்றால் விடியும்வரை காத்திருக்க முடியாது. பனடோல் கொடுத்துப் படுக்கவைக்காமல் அந்த ராத்திரியே ஆஸ்பத்திரியில் இருக்க வேண்டும். 1990 அம்புலன்ஸ் இலவசம். வர நேரம் பிடித்தால் உங்கள் வேன்.